1808 தடை எதைத் தடுத்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க அடிமை முறை பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, 1808ஆம் ஆண்டு இறக்குமதித் தடையோடு ஆள் வணிகம் படுத்துவிட்டது என்பதுபோல் எழுதியிருக்கிறது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 1790 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகள் ஏறக்குறைய 7 லட்சம் பேர், 1860இல் 39.5 லட்சம். வெளியிலிருந்து கொண்டுவருவது சட்டவிரோதமான பிறகும் தொகை இப்படி ஏறியதற்குச் சட்டங்களே வழி வைத்திருந்தன.

முதலாவது, அப்போது ஆங்கிலேயக் குடியேற்றமாக இருந்த வர்ஜீனியாவின் 1662ஆம் ஆண்டுச் சட்டம். இங்கிலாந்து மரபில் பிள்ளைக்குத் தகப்பனின் நிலைதான். தகப்பன் ஆங்கிலேயர் என்பது உள்ளிட்ட காரணங்களைக் காட்டி எலிசபெத் கீ என்ற பெண் 1656இல் வர்ஜீனியாவில் வழக்காடி விடுதலை பெற்றார். ஆறே ஆண்டில் சட்டமன்றம் அந்த வழியை அடைத்தது: தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. ஆண்டை தன் அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளைகூட அவன் சொத்துக் கணக்கில்தான் ஏறும். ஞானஸ்நானம் பெற்றாலும் விடுதலை கிடையாது என்று 1667இல் இன்னொரு சட்டம்.

இரண்டாவது, கட்டுரை புகழும் அந்தத் தடைச் சட்டமே. 1807 மார்ச் 2இல் கையெழுத்தாகி, 1808 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களை ஏற்றிவரக் கப்பலை ஆயத்தப்படுத்தினால் 20,000 டாலர் அபராதம். சரி. ஆனால் 9ஆம் பிரிவைப் படியுங்கள். 40 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பலில் அடிமைகளை ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகலாம். கப்பல் தலைவர் இரண்டு பிரதிகளில் பட்டியல் எழுத வேண்டும்: பெயர், ஆணா பெண்ணா, வயது, உயரம், உடைமையாளர் பெயர், அவர் ஊர். 1808க்குப் பிறகு இறக்குமதியானவர்கள் இல்லை என்று சத்தியம் செய்தால் சுங்க அதிகாரி அனுமதிச் சீட்டு தருவார். கடத்தலைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. நடைமுறையில் பால்டிமோரிலிருந்தும் நார்ஃபோக்கிலிருந்தும் நியூ ஆர்லியன்சுக்கு ஆளேற்ற அதுவே உரிமமாயிற்று. பிடிபட்ட ஆப்பிரிக்கர்களின் கதியை அந்தந்த மாநிலத்திடம் விட்டதால், தெற்கில் அவர்களும் ஏலத்துக்குப் போனார்கள். 1819இல்தான் அது மாறியது.

புகையிலையால் மண் களைத்துப்போன வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் ஆள் மிஞ்சியது. பருத்தி பரவிய அலபாமா, மிசிசிப்பி, லூசியானாவில் ஆள் போதவில்லை. வெளிச்சரக்கு நின்றதில் உள்ளூர் ஆண்டைகளுக்கு நட்டமில்லை, போட்டிதான் ஒழிந்தது. உள்நாட்டுக்குள்ளேயே ஏறக்குறைய 10 லட்சம் பேர் இப்படித் தெற்குக்கும் மேற்குக்கும் இடம் மாற்றப்பட்டார்கள். கடல்வழியாகப் போனவர்கள் அதில் ஒரு பகுதியே. பலரைச் சங்கிலியில் பிணைத்து நடத்தியே கொண்டுபோனார்கள். அந்தச் சாலைக்குச் சீட்டுகூடத் தேவைப்படவில்லை.

கறுப்பர்கள் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று 1857இல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று சொன்ன ட்ரெட் ஸ்காட் தீர்ப்பைக் கட்டுரை விரிவாகவே சொல்கிறது. ஆனால் அது வந்தபோது பருத்தி நிலம் ஏற்கெனவே ஆட்களால் நிரம்பியிருந்தது. அதைவிட, தப்பியோடியவர்களைப் பற்றிய 1850ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு வரியைச் சேர்த்திருக்கலாம்: விசாரிக்கும் ஆணையர், பிடிபட்டவரை ஆண்டையிடம் ஒப்படைத்தால் 10 டாலர் கட்டணம், விட்டுவிட்டால் 5 டாலர். ஒப்படைப்பதற்கு எழுத்து வேலை அதிகம் என்று விளக்கம் சொன்னார்கள். ஐந்து டாலருக்கு எத்தனை தாள் எழுதினார்களோ! பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்லவும் அந்தச் சட்டம் இடம் தரவில்லை.

கட்டுரையின் அடுத்த பகுதியில் 9ஆம் பிரிவையாவது சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்