28ஆம் நம்பர் டிராம்

மாப்ள,

உன் மெயில் வந்து மூணு வாரம் ஆச்சு, உடனே பதில் போடலைன்னு கோவிச்சுக்காத. இங்க சீசன், ஹோட்டல் கிச்சன்ல ராத்திரி ஒரு மணி வரைக்கும் வேலை. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு தங்கச்சி போன்ல சொன்னா, ரெண்டு நாளும் நீதான் ஆஸ்பத்திரியில கூட இருந்தியாமே. அதுக்கு நன்றி சொன்னா நீ திட்டுவ, அதனால சொல்லல.

வார்டு எலக்‌ஷன்ல நிக்கச் சொல்லி கூப்பிடுறாங்க, கோர்ட்டை விட்டுட்டு போறதான்னு கேட்டிருந்தியே, அதைப் படிச்சதுலேர்ந்து எனக்கு ஒரே ஒரு ஆள் ஞாபகம்தான். மாரியோ சுவாரஸ். இந்த போர்ச்சுகல் நாட்டு வக்கீல், அப்புறம் பிரதமர், அப்புறம் ஜனாதிபதி. லிஸ்பன்ல 28ஆம் நம்பர் டிராம்னு ஒரு மஞ்ச டிராம் ஓடுது, போன திங்கக்கிழமை லீவுல அதுல ஏறி அவருக்காகவே ஒரு சுத்து சுத்தினேன்.

மொதல்ல பெரிய சர்ச் பக்கத்துல அல்ஜூப்ல இறங்கினேன். இப்ப மியூசியம், சலாசார்ங்கற சர்வாதிகாரி காலத்துல அரசியல் கைதிங்க ஜெயில். ஒரு மீட்டர் அகலம் ரெண்டு மீட்டர் நீளம், அவ்வளவுதான் தனிச் செல், அதுக்குள்ள நின்னப்ப எனக்கு மூச்சு முட்டுச்சுடா. 1949 பிப்ரவரியில இவர் இந்த ஜெயில்ல இருக்கும்போதுதான் கல்யாணமே நடந்துது. பொண்ணு மரியா பரோசோ, நாடக நடிகை, ஆட்சியை எதிர்த்ததால மேடை ஏற விடாம பண்ணிட்டாங்க. மாப்பிள்ளை கம்பிக்குள்ள இருக்கும்போது கழுத்தை நீட்டுறதுன்னா எவ்வளவு தைரியம் வேணும்! மொத்தம் 12 தடவை கைதாகியிருக்கார், கூட்டிப் பாத்தா மூணு வருஷம் கிட்ட உள்ள.

அவர் ஆரம்பத்துலயே வக்கீல் கிடையாது. சரித்திரம், தத்துவம் படிச்சார், அப்பா நடத்தின பள்ளிக்கூடத்துல வேலை பாத்தார். அப்பாவும் லேசுப்பட்டவர் இல்ல, பாதிரியாரா இருந்து வெளிய வந்து பழைய குடியரசு ஆட்சியில மந்திரியா இருந்தவர். மகன் சட்டம் முடிச்சது 1957லதான், 32 வயசுக்கு மேல. முடிச்சதும் எடுத்த கேஸெல்லாம் அரசியல் கைதிங்க கேஸ். அதுக்குன்னே தனி கோர்ட் வச்சிருந்தாங்க, தீர்ப்பு என்னன்னு உள்ள போறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் தெரியும், அப்படியும் வக்கீல் கோட்டு மாட்டிக்கிட்டு போய் நின்னு வாதாடியிருக்கார். எனக்கு அவர்கிட்ட ரொம்பப் பிடிச்சது இதுதான் மாப்ள, பிரதமர் ஆனதெல்லாம் அப்புறம்.

தெல்காடோ கேஸ் பத்தி சொல்லியே ஆகணும். உம்பெர்த்து தெல்காடோ ஒரு ஜெனரல், 1958ல ஆட்சிக்கு எதிரா ஜனாதிபதி தேர்தல்ல நின்னவர். 1965ல ரகசியப் போலீஸ் ஆளுங்க ஸ்பெயின் எல்லைக்கு வரவழைச்சு கொன்னுட்டாங்க, கூட இருந்த செக்ரட்டரி அம்மாவையும் சேத்து. குடும்பத்துக்கு வக்கீலா நின்னது சுவாரஸ். கொன்னது யாருன்னு தெரிஞ்சும் சொல்ல முடியாத நாட்டுல அதைத் தோண்டினார். விட்டுவைப்பாங்களா, 1968ல விசாரணை ஒண்ணும் இல்லாம ஆப்பிரிக்கா பக்கம் சாவோ தோமே தீவுக்கு நாடு கடத்திட்டாங்க. அந்த வருஷமே சலாசார் நாற்காலியிலேர்ந்து விழுந்து மூளையில அடிபட்டு பதவி போச்சு, அடுத்து வந்த கயத்தானோ இவரைத் திரும்ப விட்டார், ஆனா 1970ல மறுபடி வெளிய, பாரிஸ்.

1973 ஏப்ரல்ல ஜெர்மனியில ஒரு சின்ன ஊர்ல 27 பேர் கூடி சோசலிஸ்ட் கட்சி ஆரம்பிச்சாங்க. இப்ப கட்சி ஆரம்பிக்க வேணாம்னு ஓட்டுப் போட்ட ஏழு பேர்ல சுவாரஸ் பொண்டாட்டியும் ஒருத்தர், இதை எங்க சப்-செஃப் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடுத்த வருஷம் ஏப்ரல் 25 ராணுவப் புரட்சி, சர்வாதிகாரம் கவுந்துது, 28ஆம் தேதி சுவாரஸ் பாரிஸ்லேர்ந்து ரயில்ல வந்து சாந்தா அப்பொலோனியா ஸ்டேஷன்ல இறங்கினப்போ ஜனம் முண்டியடிச்சு நின்னுதாம். நான் காலைல வேலைக்குப் போற வழியில தினம் தாண்டுற ஸ்டேஷன்டா அது.

உடனே வெளியுறவு மந்திரி ஆயிட்டார். நம்ம நாட்டுக்கும் இதுல பங்கு இருக்கு, கோவாவை 1961லயே இந்தியா எடுத்துக்கிச்சு, ஆனா போர்ச்சுகல் அதை ஒத்துக்கிட்டு டெல்லியில கையெழுத்துப் போட்டது 1974 டிசம்பர் 31, போட்டது இவர்தான், நம்ம பக்கம் வெளியுறவு மந்திரி சவாண். 1992 குடியரசு தினத்துக்கு சிறப்பு விருந்தினரும் இவரே.

எல்லாரும் இங்க அவரைக் கொண்டாடுறாங்கன்னு நெனைச்சுக்காத. எங்க கிச்சன்ல ஒரு பெரியம்மா, 1975ல ஆப்பிரிக்காவுல போர்ச்சுகல் காலனியா இருந்த அங்கோலாவோட தலைநகர் லுவாண்டாவிலேர்ந்து ஒரு பெட்டியோட வந்து இறங்கின குடும்பம், சுவாரஸ் பேரைச் சொன்னாலே மூஞ்சி மாறிடும். அங்கோலாவை அவசர அவசரமா கைவிட்டுட்டாருன்னு கோவம். காலனிகளை விட்டுத்தான் ஆகணும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா கிட்டத்தட்ட அஞ்சு லட்சம் பேர் வீடு வாசல் இல்லாம வந்து நின்னதும் நெஜம், அந்தம்மா அழும்போது நான் எதிர்வாதம் பண்ணல.

அப்புறம் கம்யூனிஸ்ட்டுங்களோட சண்டை. தலைவர் குன்யால், இவருக்கு பள்ளிக்கூடத்துல பாடம் எடுத்த வாத்தியார்! 1975ல ரெண்டு பேரும் டிவியில மணிக்கணக்கா மோதினாங்க. ஆனா 1986 ஜனாதிபதி தேர்தல் பாரு, மொத ரவுண்டுல சுவாரஸுக்கு 25 சதவீதம், எதிர்ல ஃப்ரெய்தாஸ் தோ அமராலுக்கு 46. ரெண்டாவது ரவுண்டுல வலதுசாரி வந்துடக் கூடாதுன்னு குன்யால் தன் தொண்டர்கள்ட்ட, சுவாரஸ் போட்டோவை ஒரு கையால மறைச்சுக்கிட்டு இன்னொரு கையால ஓட்டுப் போடுங்கன்னு சொன்னாராம். 51 சதவீதத்துல ஜெயிச்சார், அறுபது வருஷத்துக்கப்புறம் ராணுவத்துக்காரர் இல்லாத மொத ஜனாதிபதி. அதுக்கு முந்தின வருஷம்தான் பிரதமரா ஐரோப்பிய சமூகத்துல (இப்ப ஐரோப்பிய யூனியன்) நாட்டைச் சேர்க்க கையெழுத்துப் போட்டிருந்தார், ஐஎம்எஃப் கடன், சம்பள வெட்டுன்னு ஜனம் கரிச்சுக் கொட்டின நேரம். 1991ல 70 சதவீதம் வாங்கினார். 2006ல 81 வயசுல மறுபடி நின்னு 14 சதவீதத்தோட மூணாவது இடம். அந்தத் தேர்தல்ல அவர் நின்னிருக்கவே வேணாம்னு எனக்குத் தோணும், ஆனா தோத்துடுவோமேன்னு யோசிச்சு ஒதுங்கற ஜாதி இல்ல அந்த ஆள்.

டிராம் கடைசி ஸ்டாப் ப்ரசேரெஸ் கல்லறை. 2017 ஜனவரி 7 இறந்தார், 92 வயசு. அப்ப பிரதமரா இருந்த அந்தோனியோ கோஸ்டா, அவரும் வக்கீலுக்குப் படிச்சவர், அப்பா வழியில கோவா ரத்தம், அன்னிக்கு இந்தியாவுல இருந்தார். மரியா பரோசோ ஒண்ணரை வருஷம் முன்னாடியே போயிட்டாங்க. ரெண்டு பேரும் ஒரே இடத்துல. யாரோ சிவப்பு கார்னேஷன் பூ ஒண்ணு, அந்த ஏப்ரல் புரட்சியோட அடையாளம், வச்சிருந்தாங்க, வாடியிருந்துது. கொஞ்ச நேரம் நின்னுட்டு அதே டிராம்ல திரும்பினேன்.

நீ நில்லு, நிக்காதன்னு என்னால இங்கேர்ந்து சொல்ல முடியாது மாப்ள. ஆனா நீ நடத்திட்டிருக்கிற அந்த செங்கல் சூளை ஆளுங்க கேஸை பாதியில வேற யார்ட்டயும் குடுத்துடாத. அடுத்த வாய்தா எப்ப, அதை மொதல்ல எழுது.

உன்,
சின்னவன்