பஞ்சுவுக்கு ஒரு வீடு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் நாய் வளர்ப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குட்டியாக எடுத்தால்தான் நம்மோடு ஒட்டும், வளர்ந்த நாய் ஒட்டாது என்று போகிற போக்கில் ஒரு வரி வந்ததே, அதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, ஒட்டாது என்று நீங்கள் தள்ளிவைத்த வளர்ந்த நாய்களில் ஒன்று என் காலின் மேல் தலையை வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது. கால் மரத்துப்போய் அரை மணி நேரம் ஆகிறது, எடுக்க மனமில்லை.

பெயர் பஞ்சு. பெண். வயது ஐந்து இருக்கலாம் என்று டாக்டர் பல்லைப் பார்த்துச் சொன்னார். வளர்ந்த நாய்க்குப் பல் தேய்ந்திருப்பதையும் காறை படிந்திருப்பதையும் வைத்துக் குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும், அதனால் நாலாகவும் இருக்கலாம், ஆறாகவும் இருக்கலாம். பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்து நிற்கும், இன்னொன்று பாதியில் மடங்கிவிடும். என்ன ஜாதி என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. 'அது' என்று எழுத எனக்கு வரவில்லை, அவள் என்றே எழுதுகிறேன், இலக்கணம் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் அவளைத் தெருவிலிருந்து தூக்கி வந்தபோது கழுத்தில் ஒரு நைலான் கயிறு இருந்தது. யாரோ கட்டி, அப்புறம் தளர்த்தாமலேயே விட்டுவிட்ட கயிறு. தோலை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது, மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுத்தார்கள். கூடவே உண்ணிக் காய்ச்சல், ஈறு வெளுத்துக் காகிதம் மாதிரி இருந்தது. 28 நாள் விடாமல் டாக்ஸிசைக்ளின் மாத்திரை. உடம்பு தேறிய பிறகு கருத்தடை அறுவையும் செய்தாகிவிட்டது, வெறிநாய்க்கடிக்கும், நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர், பார்வோ என்ற தொற்றுநோய்களுக்கும் தடுப்பூசி போட்டாகிவிட்டது. ஆக, உடம்பைப் பொறுத்தவரை கவலை இல்லை.

மனசு தேறுவதற்குத்தான் நாள் பிடித்தது. முதல் இரண்டு வாரம் ஒரு சத்தம் கிடையாது, குரைக்கவில்லை, முனகக்கூட இல்லை, நான் அறையில் இருந்தால் தட்டின் பக்கமே வரமாட்டாள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் 'என்ன சமர்த்து!' என்று கொஞ்சினார்கள். அது சமர்த்து இல்லை, பயம். வாலைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்துக்கொண்டு, தூக்கமே வராதபோது கொட்டாவி விட்டுக்கொண்டு, சும்மா சும்மா உதட்டை நக்கிக்கொண்டு ஒரு நாய் மூலையில் கிடந்தால் அது அமைதியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. நாய்களை மீட்பவர்களிடையே ஒரு கணக்கு உண்டு: மூச்சு விட 3 நாள், வீட்டின் நடைமுறை பழக 3 வாரம், இது என் வீடு என்று நம்ப 3 மாதம். விஞ்ஞானம் ஒன்றும் இல்லை, அனுபவக் கணக்கு, நாய்க்கு நாய் மாறும். பஞ்சு மூன்றாவது வாரத்தில், வெளியே கூட்டிப் போகும் வாரின் சத்தம் கேட்டு முதல் தடவையாக வாலை ஆட்டினாள். மூன்றாவது மாதத்தில் முதல் குரைப்பு, அதுவும் அலமாரிக் கண்ணாடியில் தெரிந்த தன்னையே பார்த்து. நான் சந்தோஷத்தில் இரண்டு பேருக்குப் போன் செய்து சொன்னேன், அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தார்களோ.

இப்போது இருப்பதுதான் அவளுடைய உண்மையான குணம் என்று தைரியமாகச் சொல்கிறேன். கையில் எதை நீட்டினாலும் பல் படாமல் உதட்டால் மட்டும் எடுப்பாள். நடுவில் தாயில்லாத இரண்டு குட்டிகள் பத்து நாள் வந்து தங்கின. இவளுடைய மடங்கின காதைப் பிடித்துத் தொங்குவதுதான் அவற்றின் முழுநேர வேலை. பொறுக்க முடியாத அளவுக்குப் போனால் எழுந்து அறையின் அடுத்த பக்கம் போய்ப் படுத்துக்கொள்வாள், அவ்வளவுதான். நான்காம் நாள் இரண்டும் இவள் வயிற்றில் சாய்ந்து தூங்கின.

அந்தக் குட்டிகளுக்குப் பத்தே நாளில் வீடு கிடைத்தது! இவளுக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஐந்து குடும்பங்கள் பார்க்க வந்தன. புது ஆட்கள் வந்தால் நாற்காலிக்குப் பின்னால் போய் உட்காருவது இவள் வழக்கம், கால் மணி நேரம் கழித்துத்தான் எட்டிப் பார்ப்பாள். வருகிறவர்கள் பத்து நிமிடத்தில் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், 'சுறுசுறுப்பே இல்லையே' என்கிறார்கள். மேலே தாவி முகத்தை நக்கும் நாய்தான் நம்மைப் பிடித்துப்போன நாய் என்று எப்படியோ நினைத்துக்கொண்டுவிட்டோம். ஒரு குடும்பம் கூட்டிப் போய் நான்காவது நாளே திருப்பிக் கொண்டுவந்து விட்டது, ராத்திரியெல்லாம் கதவருகே நின்று அழுகிறாள் என்று. நான்கு நாள்! எனக்குக் கோபம்தான் வந்தது, ஆனால் இவளைப் பற்றி அவர்களிடம் நான் சரியாகச் சொல்லி அனுப்பவில்லை என்பதும் உண்மை. அதனால் இந்தத் தடவை எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கழுத்தைத் தொட்டால் உடம்பு விறைக்கும், அதனால் கழுத்துப்பட்டை வேண்டாம், மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ்தான். இடி இடித்தால் குளியலறைக்குள் போய்விடுவாள், வற்புறுத்தி வெளியே இழுக்கக் கூடாது. குடையைக் கண்டால் நடுக்கம், ஏன் என்று அவளுக்குத்தான் தெரியும். பூனைகளோடு பழக்கிப் பார்த்ததில்லை. எடுத்த எடுப்பில் நாளெல்லாம் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது, பத்து நிமிடம், அரை மணி, இரண்டு மணி என்று மெல்ல மெல்லப் பழக்க வேண்டும். பகலில் ஒருவராவது வீட்டில் இருப்பவர்களாக இருந்தால் நல்லது. கட்டிப்போட்டு வளர்க்க நினைப்பவர்கள் தயவுசெய்து வர வேண்டாம், அந்தக் கழுத்துத் தழும்பைப் பார்த்த பிறகு இதில் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஒத்துவரவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் என்னிடமே கொண்டுவந்து விடலாம், முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வேன். ஆனால் வேறு யாரிடமும் கைமாற்றிவிடாதீர்கள்.

குட்டி விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன். பிறந்து 3 வாரத்திலிருந்து சுமார் 14 வாரம் வரைக்கும் ஒரு குட்டி எதைப் பார்க்கிறது, யாரோடு பழகுகிறது என்பது அதன் குணத்தை ரொம்பவே பாதிக்கும், அது சரிதான். ஆனால் அதற்காக அப்புறம் கதவு சாத்திவிடுவதில்லை. தவிர, குட்டி வளர்ந்து எந்த அளவு இருக்கும், என்ன குணத்தோடு வரும் என்பதெல்லாம் ஊகம்தான். நாலு மாதத்தில் பல் விழுந்து முளைக்கும்போது உங்கள் செருப்பையும் நாற்காலிக் காலையும் கேட்டுப் பாருங்கள். வளர்ந்த நாய் எப்படி இருக்கும் என்பது கண் முன்னால் தெரிகிறது. பஞ்சு வீட்டுக்குள் அசுத்தம் செய்து மாதக்கணக்காகிறது.

இவ்வளவு பிடித்திருந்தால் நீங்களே வைத்துக்கொள்ளக் கூடாதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். என் வீட்டில் இருப்பது ஒரு நாய்க்கான இடம், ஒரு நாய்க்கான நேரம். குட்டிகள் இரண்டும் வந்தபோதே பத்து நாள் திணறிப்போனேன். பஞ்சு இங்கே வந்த ஏழாவது ஆள். முதலாவது வந்ததை நானே வைத்துக்கொண்டிருந்தால் இவள் அந்தக் கயிற்றோடு தெருவிலேயே கிடந்திருப்பாள். முதலாவது நாய் கிளம்பிய அன்று நான் அழுதேன், அது வண்டியில் ஏறித் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது. கொஞ்சம் வலித்தது, ஆனாலும் அப்படித்தான் போக வேண்டும்.

என் முகவரி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, மனதாரக் கேட்பவர்களுக்கு மட்டும் கொடுங்கள். வருகிறவர்கள் வீட்டில் எல்லாரோடும் பேசி முடிவெடுத்துவிட்டு, ஒரு மணி நேரமாவது ஒதுக்கிக்கொண்டு வாருங்கள். வந்ததும் கூப்பிட வேண்டாம், கையை நீட்ட வேண்டாம், தரையில் உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டிருங்கள். மழை நாளாக இருந்தால் குடையை வாசலிலேயே வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பஞ்சுவை இப்போதைக்குப் பார்த்துக்கொள்ளும் ஒரு வாசகர்