கூப்பிடு தூரத்தில் நிற்கும் கேபிள்

கேபிள் தொலைக்காட்சி, பிராட்பேண்ட் இணைப்பு தரும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும், அவர்களுக்கு உரிமம் வழங்கும் ஆணையத்துக்கும்,

வணக்கம்.

எங்கள் தெருவின் நிலவரம் உங்களுக்குத் தெரியாததல்ல. 4 ஆண்டுகளில் 7 விண்ணப்பங்கள் கொடுத்திருக்கிறோம். ஏழுக்கும் பதிவு எண் வந்தது, கேபிள் வரவில்லை. ஒரே ஒரு முறை வந்த உங்கள் ஊழியர், கேபிள் முடிகிற கம்பத்திலிருந்து எங்கள் வாசல்வரை அளந்து 400 மீட்டர் என்று குறித்துக்கொண்டு போனார். எங்களுக்கு அப்பால் இன்னும் 5 வீடுகள். கம்பத்தடியில் நின்று ஒருவர் உரக்கக் கூப்பிட்டால் எங்கள் வீட்டில் கேட்கும். அந்தத் தூரத்தைத்தான் உங்கள் கேபிளால் கடக்க முடியவில்லை.

போன வாரம் என் மகளுக்கு ஆன்லைன் தேர்வு. எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் மாடி ஜன்னல். போனை ஜன்னல் கம்பியில் இரண்டு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஹாட்ஸ்பாட் வைத்து, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எழுதினாள். 40 கேள்விகள். 27-ஆவது கேள்வியில் மழை பிடித்தது. திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நான் போனை அவிழ்த்து, கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, நனைந்துகொண்டே பிடித்திருந்தேன். இணைப்பு திரும்பி வந்தபோது திரையில் ‘நேரம் முடிந்தது’ என்று இருந்தது. அவள் அழவில்லை, என்னிடம் ஒன்றும் கேட்கவும் இல்லை. கீழே விழுந்து கிடந்த ரப்பர் பேண்டுகளை எடுத்து மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். அடுத்த முறைக்கு வேண்டும் அல்லவா?

அன்று மாலையே உங்கள் சேவை மையத்துக்குப் போன் செய்தேன். “உங்கள் பகுதிக்கு ஏற்கெனவே இணைப்பு கொடுத்தாயிற்று என்று பதிவாகி இருக்கிறது” என்றார்கள். பகுதிக்குக் கொடுத்தாயிற்று, வீட்டுக்குக் கொடுக்கவில்லை. இந்தக் கணக்கு வேறு இடங்களிலும் இருந்ததுதான். அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிரித்த ஒரு சிறு பகுதியில் ஒரே ஒரு வீட்டுக்குச் சேவை கொடுக்க முடிந்தாலும் அந்தப் பகுதி முழுவதும் சேவை உள்ளதாகவே பல ஆண்டுகள் எழுதிவந்தார்கள். அது தவறு என்று 2020-இல் சட்டம் இயற்றி, 2022-இல் வீடு வீடாகக் காட்டும் வரைபடத்தை வெளியிட்டார்கள். ஆணையத்தாரே, நீங்களும் வீடுகளை எண்ணுங்கள். எங்கள் 6 வீடுகளும் உங்கள் பதிவேட்டில் இணைப்பு இல்லாத வீடுகளாக இருக்க வேண்டும். பிறகு, கேபிள் எந்தத் தேதியில் வரும் என்பதை எழுத்தில் கொடுங்கள்.

தூரம் அதிகம் என்ற பதிலைத் தயவுசெய்து திரும்பச் சொல்லாதீர்கள். பழைய தொலைபேசிச் செம்புக் கம்பியில் தூரம் கூடக் கூட வேகம் குறையும், உண்மைதான். இன்று வீடுகளுக்கு இழுக்கிற ஃபைபர், நடுவில் மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவும் இல்லாமலே 20 கிலோமீட்டர்வரை போகும். செலவு என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஃபைபரைவிடப் பள்ளம் தோண்டும் கூலிதான் அதிகம். 6 வீட்டுச் சந்தாவில் அதை மீட்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் லாபம் வரும் தெருவை மட்டும் பொறுக்கிக்கொள்வதற்கா உரிமம் கொடுத்தார்கள்? இங்கிலாந்தின் லங்காஷயர் கிராமங்களில் 2011-இல் ஊர்க்காரர்களே அமைப்பு தொடங்கி, விவசாயிகள் தங்கள் வயல் வழியே இடம் விட, தாங்களே பள்ளம் தோண்டி ஃபைபர் இழுத்தார்கள். நாங்களும் தோண்டத் தயார். 6 வீட்டிலும் மண்வெட்டி இருக்கிறது. தோண்டலாம் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூட உங்களில் எவரும் முன்வரவில்லை.

கேபிள் தொழில் பிறந்ததே எங்களைப் போன்றவர்களுக்காகத்தான். 1940-களின் இறுதியில் அமெரிக்காவில் மலை மறைத்துத் தொலைக்காட்சி அலை எட்டாத ஊர்களில், உயரத்தில் ஒரு பெரிய ஆன்டெனா வைத்து, அங்கிருந்து வீடுகளுக்குக் கம்பி இழுத்தார்கள். எட்டாதவர்களுக்கு எட்டவைக்கத் தொடங்கிய தொழில், இன்று பெரிய சாலையில் ஒரே கம்பத்தில் மூன்று நிறுவனங்களின் கேபிளைச் சுற்றிவைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்ப மறுக்கிறது. ஏற்கெனவே வேகமான இணைப்பு உள்ளவர்களுக்கு இன்னும் வேகம் தருகிறோம் என்று மாதம் ஒரு விளம்பரம். அந்த விளம்பரத்தையும் நாங்கள் ஜன்னலோரம் நின்றுதான் பார்க்கிறோம். பின்லாந்து 2010-லேயே, ஒவ்வொருவருக்கும் 1 எம்.பி.பி.எஸ். இணைப்பு சட்டப்படி உரிமை என்றது. இன்று அது மிகச் சிறிய வேகம். இங்கே அதுவும் கிடையாது. பக்கத்து வீட்டுப் பெரியவர் மருத்துவரிடம் வீடியோவில் பேசத் தொடங்கினால், மருத்துவரின் முகம் உறைந்து நின்றுவிடுகிறது. என்ன மாத்திரை என்று கேட்க மறுபடி போன் போடுகிறார்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். கேபிள் எங்கள் 6 வீடுகளுக்கும் வரும் தேதியை எழுத்தில் தாருங்கள். தர இயலாது என்றால் அதையும் காரணத்தோடு எழுத்தில் தாருங்கள். மகளுக்கு அடுத்த மாதம் மறுதேர்வு இருக்கிறது. அதற்குள் முடியுமானால் மிகவும் நன்றியுடையவர்களாக இருப்போம்.

மறுபடி அளக்க ஆள் அனுப்புவதானால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். 6 வீட்டாரும் கம்பத்தடியில் காத்திருப்போம்.

இப்படிக்கு,
கடைசிக் கம்பத்துக்கு அப்பால் வசிக்கும் ஒரு விண்ணப்பதாரர்