அருவியைப் பார்த்தவர் கழுகை விட்டுவிட்டாரே!

ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் இருக்கும் ஸ்டார்வ்ட் ராக் பூங்கா பற்றி உங்கள் இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கட்டுரை முழுக்க அருவிதான். அதை நம்பி யாராவது ஆகஸ்ட்டில் கிளம்பினால் ஏமாந்துதான் திரும்புவார்கள். மழை பெய்தாலோ பனி உருகினாலோதான் அங்கே அருவி, மற்ற நாளில் ஈரம் கசியும் பாறை.

மகள் சிகாகோ பக்கம் இருப்பதால் நாலு தடவை போயிருக்கிறேன், அதில் மறக்க முடியாதது ஒரு ஜனவரி மாதம். இலினாய் ஆறு உறைந்து கிடக்க, பூங்காவை ஒட்டிய அணைக்குக் கீழே மட்டும் தண்ணீர் கொந்தளித்துக்கொண்டே இருப்பதால் உறைவதில்லை. மதகில் அடிபட்டு மயங்கி வரும் மீன்களுக்காக வடக்கேயிருந்து வெண்தலைக் கழுகுகள் வந்து, நடு ஆற்றில் இருக்கும் பிளம் தீவின் மொட்டை மரங்களில் காத்துக்கொண்டிருக்கின்றன. அணையால் ஆறு கெட்டது என்று கேட்டே பழகிய சிவில் இன்ஜினியர் நான், 1933-ல் சரக்குப் படகுகளுக்காகக் கட்டிய ஓர் அணை கழுகுக்குப் பந்தி வைப்பதைப் பார்த்து, கை விறைத்ததுகூடத் தெரியாமல் நின்றேன். வெள்ளைத் தலையை மட்டும் எண்ணிப் பதினொன்று என்றேன். பூங்கா ஊழியர் சிரித்துவிட்டார். தலை வெளுக்க நாலைந்து வருடம் ஆகுமாம், நான் பருந்து என்று ஒதுக்கிய பழுப்புப் பறவைகளில் பாதி கழுகின் இளசுகள்தான்! டிடிடி பூச்சிக்கொல்லியால் முட்டை ஓடு மெலிந்து அழியப் போன இனம் இது, 1972-ல் அந்த மருந்தைத் தடை செய்த பிறகுதான் மீண்டது.

அந்த ஆற்றில் துள்ளும் வெள்ளிக்கெண்டை நம்மூர்க் குளங்களில் வளர்க்கும் அதே மீன்தான். அங்கே அது வேண்டாத விருந்தாளி, தின்று தீர்ப்போம் என்று 2022-ல் 'கோப்பி' என்று புதுப்பெயர் வைத்து விற்கப் பார்க்கிறார்கள். குழம்பு வைக்கத் தெரிந்தவர்களிடம் கேட்டிருக்கலாம்.

பாறைக்கும் கட்டுரையில் ஒரு வரிதான். 45 கோடி வருடத்துக்கு முன் கடலோர மணலாக இருந்தது அது, பனியுகத்தின் கடைசியில் வந்த பெருவெள்ளம் அறுத்து 18 பள்ளத்தாக்குகளாகிவிட்டது. சிமென்ட் சோதனைக்கு நாம் எண்ணூர் மணலை எடுப்பதுபோல் அமெரிக்கர்கள் எடுக்கும் ஒட்டாவா மணலும் பக்கத்தில் அதே பெயருள்ள ஊரில் இதே பாறையிலிருந்து வருவதுதான். நகத்தால் சுரண்டினாலே உதிரும், அதனால்தான் வருகிறவர்கள் எல்லாம் பெயர் செதுக்கிவிட்டுப் போகிறார்கள். ஓரிடத்தில் 'ர'வும் 'ம'வும் இதயப் படத்தோடு தமிழில் பார்த்தேன், பேரனிடம் படித்துக் காட்டவில்லை.

'ஸ்டார்வ்ட் ராக்', அதாவது பட்டினிப் பாறை என்ற பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படும், பழங்குடிகள் அங்கே பட்டினி கிடந்து செத்த கதைக்கு அரைப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். அதற்குச் சான்று இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்வதையும் சேர்த்திருக்கலாம். சரி, அது போகட்டும். அடுத்த தடவை அந்தக் கட்டுரையாளரை ஜனவரியில் அனுப்புங்கள். பைனாகுலரும் இரண்டு ஜோடி சாக்ஸும் மறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர், திருச்சி