நெக்ஸ்ட்னா "அடுத்த" இல்லீங்க, "ரொம்பக் கிட்ட"

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு விபத்துச் செய்தி, அதுல "இறந்தவரின் அடுத்த உறவினருக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது"னு போட்டிருந்தீங்க. சாவுச் செய்தியைப் படிச்சிட்டு சிரிக்கக் கூடாதுதான், ஆனா அடுத்த உறவினர்னா யாருங்க, ரேஷன் கடை க்யூவுல பின்னாடி நிக்கிறவரா? "நெக்ஸ்ட் ஆஃப் கின்"னு (கின்னா சொந்தக்காரங்க) இங்கிலீஷ்ல வந்ததை யாரோ அவசரத்துல அப்படியே மாத்தியிருக்காங்க.

குத்தம் சொல்ல எனக்கும் யோக்கியதை இல்ல. வக்கீல் குமாஸ்தாவா சேர்ந்த புதுசுல நானும் இதே இடத்துலதான் முழிச்சேன். மைனர் பேர்ல கேஸ் போட்டா, 1908ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டம் 32ஆவது ஆர்டர்படி அந்தப் பிள்ளைக்காக ஒரு பெரியவர் கேஸ் நடத்தணும், அவருக்குப் பேரு "நெக்ஸ்ட் ஃப்ரெண்ட்". பாதி கேஸ்ல பெத்த அம்மாதான் அது. "அம்மா எப்படி சார் அடுத்த ஃப்ரெண்டு, அப்ப முதல் ஃப்ரெண்டு யாரு"னு எங்க சீனியர்கிட்ட கேட்டேன், "டேய், நெக்ஸ்ட்னா நியரஸ்ட்டுடா, போய் டிக்‌ஷனரியைப் பாரு"ன்னாரு.

பார்த்தா அவர் சொன்னது சரிதான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின இங்கிலீஷ்ல கிட்டங்கிறதுக்கு இருந்த சொல்லுதான் இப்ப "நை"னு (அந்த ஜி,ஹெச் போட்டு எழுதுறது) மூலையில கிடக்குது. அதோட கம்பேரட்டிவ்தான் (ஒண்ணைவிட இன்னொண்ணு கூடன்னு சொல்றது) "நியர்", சூப்பர்லேட்டிவ்தான் (எல்லாத்தையும்விட கூடன்னு சொல்றது) "நெக்ஸ்ட்". அதாவது நியர்னாலே "இன்னும் கிட்ட"னு அர்த்தம், போகப்போக ஜனங்க அதை மறந்து வெறும் "கிட்ட"னு ஆக்கிட்டு, பத்தாததுக்கு நியரர், நியரஸ்ட்னு புதுசா வாலு ஒட்டிக்கிட்டாங்க. நிஜ சூப்பர்லேட்டிவான நெக்ஸ்ட் வேலையில்லாம, வரிசையில பின்னாடி வர்றதுங்கிற அர்த்தத்துக்கு மாறி க்யூவுல போய் நின்னுடுச்சு. உயரம்ங்கிற "ஹை"க்கும் ஒரு காலத்துல இதே மாதிரி "ஹெக்ஸ்ட்"னு ஒண்ணு இருந்துச்சு, அது செத்தே போச்சு. "நெய்பர்"ல முன்னாடி இருக்கிறதும் அதே பழைய சொல்லுதான், கிட்டக் குடியிருக்கிறவன். ஜெர்மன்காரங்க மட்டும் நா, நேஹர், நேக்ஸ்ட்னு இன்னிக்கும் மூணையும் ஒழுங்கா வச்சிருக்காங்க.

இதுல வேடிக்கை, நம்ம "அடுத்த"வும் இதே வழியிலதான் வந்திருக்கு. அடுத்தல்னா நெருங்குறது. "அடுத்தது காட்டும் பளிங்குபோல்"னு குறள்ல (706) வர்றது பக்கத்துல இருக்கிற பொருளைத்தான், ரெண்டாவதா வர்ற பொருளை இல்ல. அவ்ளோ தூரம் ஏன், "கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில்"னு நீங்களே போடுறீங்களே, அதுவும் பக்கத்துலங்கிற அர்த்தம்தானே? ஆனா "கும்பகோணத்தை"ல கடைசியில வர்ற அந்த "ஐ" இல்லாம அடுத்த வாரம், அடுத்த பஸ், அடுத்த உறவினர்னு போட்டா க்யூ வந்துடுது. அதுலயும் "அடுத்தவன் காசு"ன்னா சம்பந்தமே இல்லாத ஆளு காசு! கிட்ட இருக்கிறவன்னு ஆரம்பிச்ச சொல்லு வேத்தாள்னு ஆகிப்போச்சு. அந்தச் சொல்லைக் கொண்டுபோய் செத்தவரோட பொண்டாட்டி பிள்ளைங்க தலையில வைக்கலாமா சொல்லுங்க.

பழைய அர்த்தமும் புது அர்த்தமும் கலந்து எனக்கே ஒரு தடவை நஷ்டம். ஒரு சொந்தக்காரர் திங்கக்கிழமை போன் பண்ணி "நெக்ஸ்ட் ஃப்ரைடே வளைகாப்பு, வந்துடுங்க"ன்னாரு, நான் கிட்ட இருக்கிற வெள்ளின்னு நினைச்சு தட்டு நிறைய வளையலும் பழமுமா போய் நின்னா வீடு பூட்டிக்கிடக்கு, அவர் சொன்னது அதுக்கு மறுவார வெள்ளியாம். "வர்ற வெள்ளி"னு ஒண்ணு நம்மகிட்ட இருக்கிறப்ப எதுக்குங்க அந்த ஃப்ரைடே.

திருத்தமெல்லாம் போட வேணாம். "நெருங்கிய உறவினர்"னு எழுதச் சொல்லுங்க, இல்ல யாருன்னு தெரிஞ்சா "மனைவிக்கு", "மகனுக்கு"னே எழுதச் சொல்லுங்க, இடமும் மிச்சம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா ஒருவர்,
கும்பகோணம்.