ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருக்கும் பெண்களிடம் விவரம் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் தியேட்டர் முன்னால் என் அக்காவுக்கு நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். எழுத்திலும் கொடுத்திருக்கிறோம். அதனால் முழுக் கதையையும் இங்கே சொல்லவில்லை.

ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட கிடையாது. விடிந்ததும் தாலி, மெட்டி, வளையல் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி, முதுகுப் பக்கம் நாடா கட்டுகிற கவுனை மாட்டிவிட்டு, ஆண்களும் ஸ்ட்ரெச்சரும் போய்வருகிற வராண்டா பெஞ்சில் உட்கார வைத்தார்கள். போன் எங்களிடம், நாங்கள் கதவுக்கு வெளியே. மதியம் தாண்டியும் எப்போது கூப்பிடுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. கர்ப்பப்பையை எடுக்கப் போகிறார்கள், உள்ளே இருப்பது என்ன கட்டியோ என்று தனியாக நினைத்து நினைத்து அக்கா அழுதுவிட்டது. "அழுதா பிரஷர் ஏறும், கேஸ் கேன்சல் ஆயிடும்" என்று ஓர் அதட்டல். அப்புறம் பார்த்தால் பிரஷர் ஏறித்தான் இருந்தது, தேதியைத் தள்ளிவிட்டார்கள். பயப்பட வைத்தது அந்தக் காத்திருப்பு, பழி அக்கா மேல்.

பயத்தில் பிரஷர் ஏறும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆபரேஷனுக்கு முந்தைய பதற்றத்தை அளக்க 1996-லேயே நெதர்லாந்தில் ஆறே கேள்விகளில் ஒரு படிவம் போட்டுவிட்டார்கள், அதில் இரண்டு கேள்விகள் நோயாளிக்கு எவ்வளவு விவரம் வேண்டும் என்பதைப் பற்றியவை. நாங்கள் கேட்பதும் அதைத்தான்: விவரம் சொல்லுங்கள்.

ஏற்காட்டு எஸ்டேட்டுகளிலிருந்து வருகிற பெண்கள் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, அன்றைய கூலியை விட்டுவிட்டு, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வருகிறார்கள். உதிரப்போக்கை வெளியே சொல்லவே அவர்களில் பலருக்கு வருஷக்கணக்கில் ஆகிறது. அவர்களை அதட்டித் திருப்பி அனுப்பினால் மறுபடி இறங்கி வர மனசு வருமா? பொம்பளை எதையும் தாங்கிக்கொள்வாள் என்கிற நினைப்பு வீட்டில்தான் இருக்கிறது என்றால் ஆஸ்பத்திரியிலுமா?

கோபத்தில் எழுதிவிட்டேன், ஆனால் கேட்பது பெரிதல்ல. காத்திருக்கும் பெண்ணிடம் ஒரு நர்ஸ் அவ்வப்போது வந்து எத்தனையாவது ஆள், ஏன் தாமதம் என்று சொல்லட்டும். தாமதம் என்று தெரிந்தால் தண்ணீர் குடிக்கலாமா என்று மயக்க டாக்டரிடம் கேட்டுச் சொல்லட்டும். தியேட்டர் கதவு வரை வீட்டுப் பெண் ஒருவர் கூட இருக்கட்டும், பிரசவ அறையில் அனுமதிக்கிறீர்களே. அடுத்த வாரம் அக்காவுக்குத் தேதி கொடுத்திருக்கிறீர்கள். அதற்குள் இந்த ஏற்பாட்டைச் செய்து தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சேலத்திலிருந்து ஒரு தங்கை