சாவியா, வாளியா?

அன்பு மகளுக்கு, ஆத்தா எழுதுவது.

நேற்று ராத்திரி நீ குளிக்கப் போன நேரத்தில் உன் மகன் போன் செய்தான். குரலைத் தாழ்த்தி, "ஆயா, சுயநலம்னா என்ன? அம்மா என்னைய அப்டிச் சொல்றாங்க" என்றான். புது சைக்கிளைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தரவில்லையாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. மாடிப்படிக்கு அடியில் நீ ஒளித்து வைத்த சீயம் எறும்பு மொய்த்தது ஞாபகம் இருக்கிறதா?

நான் கல்யாணமாகி வந்தபோது நம் வீட்டு வளவு முற்றத்தைச் சுற்றி நாலு அடுப்பு. கல்யாணமானால் வேறு வைத்துவிடுவார்கள் அல்லவா? ஒரே வீடு, ஆனால் தனி அரிசி, தனிச் சமையல், அவரவர் அறைக்கு அவரவர் சாவி. அதை யாரும் சுயநலம் என்று சொன்னதில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார்கூடத் தனக்கென்று சம்பாதித்தவர்தான். அந்தச் சம்பாத்தியம் இருந்ததால்தானே காரைக்குடியில் சிக்ரி என்கிற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வருவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க முடிந்தது?

கிணறும் கயிறும் வாளியும் மட்டும் எல்லோருக்கும் பொது. ஒரு சித்திரை மாதம், ஊற்று குறைந்து விடிகாலையில் மட்டும் நாலு குடம் தேறும். நான் முந்திப் போய் இறைத்துக்கொண்டு, வாளியையும் அவிழ்த்து என் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். மூன்று நாள் இப்படிச் செய்தேன். நாலாம் நாள் உன் சின்னாத்தா, பிள்ளையின் ஈரத் துணியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வாளியில்லாத கயிற்றையே பார்த்தபடி நின்றாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதுவரை உன் அப்பச்சிக்குக்கூட இது தெரியாது.

பேரனிடம் இந்தக் கதையைத்தான் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ என் சைக்கிள் சாவியா, வாளியா?" என்றான். சட்டென்று பதில் வரவில்லை. யோசித்து, "சைக்கிள் சாவிதான். பார்க்கில் ஊஞ்சலை விட்டு இறங்காமல் இருக்கிறாயே, அது வாளி" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் போனை வைத்துவிட்டான்.

சரி, சைக்கிளுக்காக இனி அவனைத் திட்டாதே. ஆறு வயசுப் பிள்ளைக்கு அந்தச் சொல் ரொம்பப் பெரிசு.

மனகோலமும் சீப்புச் சீடையும் அனுப்பியிருக்கிறேன். டப்பாவை அவன் கையிலேயே கொடுத்துப் பங்கு பிரிக்கச் சொல். உனக்கு எத்தனை வந்தது என்று எழுது.

ஆத்தா